'அது அவங்க பண்பாடு' என்று எழுதுவதற்கு முன்னால்: பன்னாட்டு பி.ஆர். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

பன்னாட்டு மக்கள் தொடர்பில் (பி.ஆர்.) பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் எழுதும் முதல் ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இரண்டு நாடுகள், நாடுகளின் பண்பாட்டை எண்ணால் அளந்த ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெடின் பண்பாட்டு மதிப்பெண்கள், ஒரு வினாப்பட்டியல், நாட்டுக்கு இருநூறு பேர். முடிவில் 'வேறுபாட்டுக்குக் காரணம் பண்பாடு' என்று ஒரு வரி. இதைக் காட்டி இடம் வாங்கிவிடலாம். ஐந்து வருடம் ஓட்ட முடியாது. அந்த 'பண்பாடு' என்ற சொல் எங்கே உடைகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். விண்ணப்பம், வேலை, ஜர்னல் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தத் துறையில் பாடம் எடுக்கும் பலரும் தொடும் வழக்கு 1999-ல் பெல்ஜியத்தில் நடந்தது. ஜூன் 8 அன்று போர்னெம் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் கோக் குடித்துவிட்டுத் தலைவலி, குமட்டல், வயிற்றுவலி என்று படுத்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் வேறு பள்ளிகளிலும் அதே புகார். ஜூன் 14 அன்று பெல்ஜிய அரசு கோகோ கோலாவின் பானங்களுக்குத் தடை போட்டது. ஆன்ட்வெர்ப் ஆலையில் சேர்த்த கார்பன் டை ஆக்சைடின் தரம் சரியில்லை, டன்கிர்க் ஆலையிலிருந்து வந்த கேன்களின் வெளிப்புறத்தில் மரத்தட்டுகளுக்கு அடித்த மருந்தின் வாடை ஒட்டியிருக்கிறது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆபத்து எதுவும் இல்லை என்ற தொனியிலேயே பேசியது. தலைமை நிர்வாகி டக்ளஸ் ஐவெஸ்டர் பெல்ஜியம் வந்து சேரப் பத்து நாள் ஆனது.

பி.ஆர். ஆய்வாளர் மோரீன் டெய்லர் 2000-ல் 'பப்ளிக் ரிலேஷன்ஸ் ரிவ்யூ' இதழில் இதை ஹோஃப்ஸ்டெடின் அளவுகோலோடு பொருத்திப் பார்த்தார். பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய நாடுகளில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 'நிச்சயமின்மையைத் தவிர்த்தல்' (தெரியாததைக் கண்டு ஒரு சமூகம் எவ்வளவு பதறுகிறது) என்ற அளவில் பெல்ஜியத்துக்கு 94, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் 86. நார்வே 50, ஸ்வீடன் 29, டென்மார்க் 23. அச்சாகப் பொருந்துகிறது. பன்னாட்டு நெருக்கடியை ஒரே அறிக்கையால் சமாளிக்க முடியாது என்று காட்டிய முன்னோடிக் கட்டுரை அது. இன்றும் படிக்க வேண்டியதுதான்.

ஆனால் அதே வருடம், அதே மாதம், அதே பெல்ஜியத்தில் வேறென்ன நடந்தது என்று கேளுங்கள். கோழித்தீவனத்தில் டையாக்சின் என்ற நச்சு கலந்த விஷயம் மே கடைசியில்தான் வெளியே வந்திருந்தது. கடைகளில் முட்டையையும் கோழியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அரசுக்கு முன்பே தெரிந்தும் மறைத்துவிட்டது என்ற கோபத்தில் சுகாதார அமைச்சரும் வேளாண் அமைச்சரும் ஜூன் 1 அன்று பதவி விலகினார்கள். ஜூன் 13 பொதுத் தேர்தல்; ஆளும் கூட்டணி தோற்றது. கோக் தடை வந்தது அதற்கு மறுநாள். தூங்கிவிட்டதாகப் பெயர் வாங்கிய அரசு இரண்டாவது முறை தூங்கத் துணியுமா? இதை விளக்க 94 என்ற எண் தேவையே இல்லை.

இந்தியாவையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். 2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பான வகைகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறது என்றது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைத்து விசாரித்தார்கள். 2006-ல் மறுபடி சோதனை முடிவு வந்தபோது கேரளம் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடையே விதித்தது. உயர் நீதிமன்றம் பின்னர் அதை நீக்கியது. நிச்சயமின்மை அளவில் இந்தியாவுக்கு 40. நார்வேயைவிடக் குறைவு. அந்தக் கணக்குப்படி நாம் சும்மா இருந்திருக்க வேண்டும். 'அதிகார இடைவெளி' (ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு ஏற்கிறது) அளவில் இந்தியாவுக்கு 77 ஆயிற்றே, அதுதான் காரணம் என்று ஒருவர் வாதாடலாம். ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொண்டு ஒத்துவராததை விட்டுவிடுவதற்கு விளக்கம் என்று பெயரில்லை. தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பிளாச்சிமடையில் கோக் ஆலைக்கு எதிராக நிலத்தடி நீருக்காக ஆதிவாசி மக்கள் நடத்திய போராட்டம் 2003-ல் முதல் சோதனை முடிவு வந்தபோதே நடந்துகொண்டிருந்தது. 2004 மார்ச்சில் அந்த ஆலை நின்றே போனது. கேரளத்தில் கோக் பற்றிய பேச்சை நீரிலிருந்து பிரித்து ஆராய்ந்தால் பாதிதான் கிடைக்கும்.

ஹோஃப்ஸ்டெடின் எண்கள் வந்த வழியும் மனதில் இருக்கட்டும். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்கள், புத்தகம் 1980-ல். அவை நாட்டின் சராசரிகள். தனி மனிதருக்கு ஒட்டக்கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். இருந்தும் 'பதிலளித்தவர் இந்தியர், ஆகவே கூட்டுணர்வு மிக்கவர்' என்று எழுதிய பேப்பர்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் வாசிப்பாளர் திருப்பி அனுப்புவதற்கு அந்த ஒரு வரி போதும். தனி மனிதரின் மதிப்பீடுகள் உங்களுக்கு வேண்டுமானால் தனி மனிதரிடமே அளக்க வேண்டும். யூ, டோன்து, லெனார்டோவிச் 2011-ல் வெளியிட்ட 26 கேள்விகள் கொண்ட அளவுகோல் அதற்காகவே செய்யப்பட்டது.

சரி, எதைச் செய்தால் நிற்கும்? இந்தத் துறையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஜேம்ஸ் கிரூனிக்கும் டாட் ஹண்ட்டும் 1984-ல் பி.ஆருக்கு நான்கு மாதிரிகள் சொன்னார்கள்: விளம்பர வேட்டை, பொதுத் தகவல், ஒருபக்கம் சாய்ந்த இருவழி, சமநிலையான இருவழி. எல்லாம் அமெரிக்காவைப் பார்த்துச் செய்தவை. பிறகு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கிரூனிக்கோடு இருந்த ஆய்வாளர்கள் தங்கள் தங்கள் நாட்டில் இந்த நான்கும் செல்லுபடியாகின்றனவா என்று பார்த்தார்கள். கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீராமேஷ் தென்னிந்தியாவுக்கு வந்தார். இங்குள்ள பி.ஆர். அதிகாரிகளின் வேலையில் பெரும்பகுதி பத்திரிகையாளரையும் அரசு அலுவலரையும் ஆள் பழக்கத்தில் வைத்திருப்பது. நான்கில் எதிலும் இது அடங்கவில்லை. 'தனிநபர் செல்வாக்கு' என்ற ஐந்தாவது மாதிரி அங்கிருந்துதான் வலுப்பெற்றது. கிரீஸிலிருந்து 'பண்பாட்டு மொழிபெயர்ப்பாளர்' என்ற மாதிரி வந்தது: வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்ளூரை விளக்கிச் சொல்லும் ஆள். தைவானைப் படித்த ஹுவாங், நிறுவனத்துக்கும் மக்களுக்குமான உறவை அளக்கும் அளவுகோலில் 'முகமும் தயவும்' (மானம் காப்பதும் உதவிக்கு உதவி செய்வதும்) என்ற பரிமாணத்தை 2001-ல் சேர்த்தார். இவர்கள் பெயர் நிற்பதற்குக் காரணம் கோட்பாட்டை நன்றாகப் படித்தது மட்டும் கிடையாது. உள்ளூர் மொழியும் உள்ளூர் ஆள் பழக்கமும் கையில் இருந்தன. கோட்பாடு உடையும் இடம் அதனால் கண்ணில் பட்டது.

ஆகவே தமிழ் தெரிந்த ஆய்வாளருக்குத் தமிழ்தான் மூலதனம். இதைச் சொல்லும்போது உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நுட்பமான காரணம் இருக்கிறது.

உறவை அளக்கும் வினாப்பட்டியல்களில் 1999-ல் ஹானும் கிரூனிக்கும் வெளியிட்டது அதிகம் பயன்படுகிறது. நம்பிக்கை, பரஸ்பரக் கட்டுப்பாடு, திருப்தி, பற்று என்று போகும். இதைத் தமிழில் கொண்டுவரும்போது வழக்கமான முறை, ஒருவர் மொழிபெயர்ப்பது, இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலமாக்குவது, இரண்டையும் ஒப்பிடுவது. பிரிஸ்லின் 1970-ல் பிரபலப்படுத்தியது. பேப்பரில் ஒரு வரி எழுத இது போதும். அளப்பதற்குப் போதாது.

'நிறுவனமும் என்னைப் போன்றவர்களும் ஒருவர் சொல்வதை மற்றவர் கவனிக்கிறோம்' என்ற பொருளில் ஒரு கூற்று வருகிறது. 'என்னைப் போன்றவர்கள்' என்பதைக் களத்தில் வாசித்தால் 'எங்கள மாதிரி ஆளுங்க' என்றுதான் கேட்பவர் காதில் விழும். 'எங்கள மாதிரி ஆளுங்க சொன்னா யாரு கேப்பா?' என்று நம் ஊரில் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நொடியில் பதில் நிறுவனத்தைப் பற்றியதாக இல்லாமல் அவர் சமூக நிலையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. 'இந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள்', 'இந்த ஊர்க்காரர்கள்' என்று குழுவைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

அடுத்தது 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நிறுவனத்தையும் சேர்த்து 'நாம்' என்று போட்டால், இருவரும் ஒன்று என்று கேள்வியே முடிவு செய்துவிட்டது. 'நாங்கள்' என்று போட்டால் நிறுவனம் வெளியே நிற்கிறது. நெருக்கத்தை அளக்கும் கேள்வியில் இது சின்ன விஷயமா? திரும்ப ஆங்கிலமாக்கினால் இரண்டும் அதே ஒரு சொல்லாகத்தான் திரும்பி வரும். பிழை கண்ணில் படாது. 'நம்பிக்கை'யும் அப்படியே. நாணயத்தின் மேலுள்ள நம்பிக்கை, நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, கடவுள் நம்பிக்கை மூன்றையும் அந்த ஒரே சொல் சுமக்கிறது. 'கம்பெனி சொன்னதைச் செய்யும்னு நம்புறேன்' என்பவர் உறுதியாகச் சொல்கிறாரா, ஆசைப்படுகிறாரா? 'சொன்னதைச் செய்கிறார்கள்' என்று நேர்வாக்கியமாக்கி, ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்டால் குழப்பம் குறையும்.

எதிர்மறைக் கூற்றுகள் தனித் தொல்லை. 'இந்தக் கம்பெனி எங்கள் பேச்சைக் கேட்பதில்லை' என்று வாசித்தால் 'ஆமா, கேக்கறதில்ல' என்பார் ஒருவர். 'இல்லை' என்பார் இன்னொருவர். கேட்பதில்லை என்பதை உறுதிப்படுத்துகிறாரா, மறுக்கிறாரா என்பது களப்பணியாளரின் ஊகத்துக்குப் போய்விடும். அப்புறம் காரணிப் பகுப்பாய்வில் (ஒன்றாக நகரும் கூற்றுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் கணக்கு) எதிர்மறைக் கூற்றுகள் மட்டும் தனிக் காரணியாகப் பிரிந்து நிற்கும், 'புதிய பரிமாணம் கண்டேன்' என்று எழுதத் தோன்றும். எழுதிவிடாதீர்கள். சென்னையில் சரிபார்த்த படிவம் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே போகாது என்பதும் இதில் சேரும். அங்கே உரையாடுவது 'கதைப்பது'. 'அதிகாரி உங்களோடு பேசினாரா' என்பது திட்டினாரா என்றும் ஒலிக்கக்கூடும்.

இதற்கெல்லாம் நல்ல வழி ஐரோப்பிய சமூக ஆய்வு என்ற பல நாட்டுக் கருத்தெடுப்பில் பின்பற்றும் குழு முறை. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், மூன்றாமவர் இருவரோடும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும், சர்ச்சையில் முடிவெடுக்க ஒருவர், பிறகு முன்சோதனை, எல்லா முடிவுகளுக்கும் எழுத்துப் பதிவு. முன்சோதனையில் எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசித்து 'இதை உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேளுங்கள். இருபது கூற்றுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்தப் பதிவேடே பின்னால் ஒரு முறையியல் கட்டுரைக்குப் பொருளாகும்.

இரு நாட்டுத் தரவும் வந்த பிறகு சராசரியை ஒப்பிட அவசரப்படக் கூடாது. அளவுகோல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்ற சோதனை முதலில்: அமைப்பு ஒன்றா, காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கூற்றும் தன் காரணியோடு எவ்வளவு ஒட்டுகிறது) ஒன்றா, தொடக்க மதிப்புகள் (கூற்றுக்கான பதில் எந்த அளவில் தொடங்குகிறது) ஒன்றா. ஒவ்வொரு படியிலும், மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. மதிப்பு 0.01-க்கு மேல் குறையக்கூடாது என்பது சுங், ரென்ஸ்வோல்டு 2002-ல் தந்த வழிகாட்டு அளவு. மூன்றாவது படி தேறாமல் சராசரியை ஒப்பிட்டால் கடுமையான வாசிப்பாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். பல நேரம் தேறாது. எந்தக் கூற்று கவிழ்க்கிறது என்று தேடிப் போங்கள். சுவையான விஷயம் அங்கேதான் இருக்கும்.

இனி வேலை பக்கம். அமெரிக்காவில் இந்தத் துறைக்கு இரண்டு வீடுகள். பி.ஆர். பெரும்பாலும் இதழியல், மாஸ் கம்யூனிகேஷன் பள்ளிகளில் இருக்கிறது. பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் 'கம்யூனிகேஷன் ஸ்டடீஸ்' துறைகளில். முதல் வீட்டுக்காரர்கள் கூடுவது ஆகஸ்டில் இதழியல் கல்விச் சங்கமான ஏ.இ.ஜெ.எம்.சி.யின் மாநாட்டில், இரண்டாம் வீட்டுக்காரர்கள் நவம்பரில் தேசியத் தொடர்பாடல் சங்கமான என்.சி.ஏ.வில். பன்னாட்டுத் தொடர்பாடல் சங்கமான ஐ.சி.ஏ.விலும் இரண்டுக்கும் தனிப்பிரிவு உண்டு; அதற்கு நவம்பர் 1 வாக்கில் கட்டுரை போக வேண்டும். இவை போக, ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்கரையில் 1994 முதல் நடக்கும் பிளெட்காம் சிறியது, பன்னாட்டு பி.ஆர். ஆட்களை நேரில் பார்த்துப் பேச வசதியானது.

இரண்டு வீடு என்பதன் விளைவு வேலை விளம்பரத்தில் தெரியும். 'பன்னாட்டு பி.ஆர்.' என்று விளம்பரம் வருவது அபூர்வம். 'பி.ஆர்.' அல்லது 'ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்' என்றுதான் வரும், பி.ஆர். எழுத்துப் பயிற்சியும் இறுதியாண்டு பிரச்சாரத் திட்டப் பாடமும் எடுக்கத் தெரிய வேண்டும், இரண்டு மூன்று வருடத் தொழில் அனுபவம் இருந்தால் நல்லது என்பார்கள். கோட்பாட்டில் வல்லவராக இருந்தும் செய்திக்குறிப்பு எழுதச் சொல்லித்தரத் தெரியாமல் பட்டியலிலிருந்து விழுகிறவர்கள் நிறைய. பிஎச்.டி.க்கு முன்பு ஏஜென்சியிலோ தொண்டு நிறுவனத்திலோ அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையிலோ கொஞ்ச காலம் இருந்தால் அது வீண் இல்லை. ஆனால் 'பி.ஆர்.ஓ. வேலை' என்றால் தமிழ்நாட்டில் பலருக்குச் சினிமா பி.ஆர்.ஓ.தான் நினைவுக்கு வரும். விண்ணப்பத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று விரித்து எழுதுங்கள்.

அமெரிக்க பிஎச்.டி. நான்கு முதல் ஐந்து வருடம். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில் முடியும். செப்டம்பரிலேயே இரண்டு மூன்று பேராசிரியர்களின் சமீபத்திய கட்டுரைகளைப் படித்து, ஒரு பத்தியில் கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்க வேண்டும். வாரம் 20 மணி நேர உதவி ஆசிரியர் வேலைக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும். தொகை பல இடங்களில் ஒன்பது மாதத்துக்குத்தான், கோடை மூன்று மாதத்துக்கு என்ன வழி என்று சேரும் முன்பே கேளுங்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் முனைவர் பட்டமே சம்பள வேலை, விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பது. ஹாங்காங்கின் பிஎச்.டி. ஃபெல்லோஷிப்புக்கு டிசம்பர் தொடக்கத்தில் கெடு. இந்தியாவில் பதிவு செய்தவர்களுக்கு ஃபுல்பிரைட் நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகையில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய்வரலாம்.

இந்தியாவில் யு.ஜி.சி. நெட் தேர்வில் 'மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம்' பாடத்தின் பத்து அலகுகளில் ஐந்தாவதுதான் பி.ஆர்.; பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடலுக்குத் தனி அலகே இல்லை. அந்தத் தேர்வின் வழியே ஜெ.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2022 விதிமுறைகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு வருடம். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற யு.ஜி.சி. கட்டாயம் போய்விட்டது, வேலைக்குப் போகும்போது கேட்காமல் இருக்கப் போவதில்லை. ஏற்கத்தக்க ஜர்னல்களைச் சொன்ன யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது, ஆகவே ஜர்னலைத் தரம் பார்ப்பது உங்கள் பொறுப்பு. இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்டால் ஓடிவிடுங்கள்.

நல்ல ஜர்னலில் திருப்பி அனுப்பும் காரணங்களில் முதலிடம் 'இந்தியாவில் இதுவரை யாரும் செய்யவில்லை' என்ற நியாயத்துக்கு. செய்யாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இந்தியத் தரவு கோட்பாட்டின் எந்த வாக்கியத்தை மாற்றுகிறது என்று அறிமுகத்தின் இரண்டாம் பக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பேட்டிகளை வைத்து எழுதும்போது தமிழ் மூலத்தையும் கொடுங்கள். எட்டாயிரம் சொல் வரம்புள்ள ஜர்னலில் இரண்டு மொழியிலும் மேற்கோள் போட்டால் இடம் தின்னும். ஆகவே மூலத் தமிழை இணைப்புக் கோப்பில் மேற்கோள் எண்ணிட்டுத் தர அனுமதி கேட்டு, ஆசிரியருக்கு எழுதும் முன்கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். 'நாம்' என்றாரா 'நாங்கள்' என்றாரா என்று தமிழ் தெரிந்த வாசிப்பாளர் ஒருவர் அதைத் திறந்து பார்க்க முடிய வேண்டும்.